மலைத் தோட்டத்தில் லீக்ஸ்: விதைப்பிலிருந்து அறுவடை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

நீலகிரியில் புதிதாக வீட்டுத் தோட்டம் போடுகிறவர்கள் பீட்ரூட், முள்ளங்கி, முட்டைகோஸ் ஆகியவற்றை முதல் ஆண்டிலேயே ஓரளவு எடுத்துவிடுகிறார்கள். லீக்ஸில் மட்டும் பெரும்பாலோருக்குக் கிடைப்பது, வெங்காயத்தாளின் பருமனில், முழுக்கப் பச்சையாக, அடியில் இரண்டு விரற்கடை மட்டும் வெளுத்த ஒரு செடி. மண்ணையும் விதையையும் குறை சொல்வார்கள். நான் பார்த்த வரையில் தவறு பெரும்பாலும் வேலைகளின் வரிசையில்தான் இருக்கிறது.

லீக்ஸ் வெங்காயத்தைப் போலக் குமிழ் வைப்பதில்லை. நாம் சமைக்கும் வெள்ளைத் தண்டு, ஒன்றையொன்று சுற்றியிருக்கும் இலைகளின் அடிப்பகுதி. வெளிச்சம் படாமல் மண்ணுக்குள் இருக்கும் நீளத்துக்கு மட்டுமே அது வெளுத்து மென்மையாகும். ஆகவே வெள்ளைத் தண்டின் நீளம் பெரும்பாலும் நடவு நாளன்று, குழியின் ஆழத்திலேயே முடிவாகிவிடுகிறது. ஆழமாக நட நீளமான நாற்று வேண்டும். நாற்று நீள ஏறத்தாழ மூன்று மாதம் வேண்டும். அந்த மூன்று மாதத்தை மழைக்கும் உறைபனிக்கும் நடுவே எங்கே வைப்பது என்பதை எல்லாவற்றுக்கும் முன்னால் தீர்மானிக்க வேண்டும். கீழே உள்ள படிகள் உதகை, குன்னூர், கோத்தகிரிப் பகுதிகளின் தட்பவெப்பத்தை வைத்து எழுதப்பட்டவை. கொடைக்கானலுக்கு மாற வேண்டியதை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கிறேன்.

1. முதலில் நாள்காட்டி

விதைத்த நாளிலிருந்து அறுவடை வரை லீக்ஸுக்கு ஏழு முதல் எட்டு மாதம் ஆகும். இதில் முதல் 12 வாரம் நாற்றங்காலில் கழிகிறது, மீதி பாத்தியில். இவ்வளவு நீண்ட பயிர் எப்படியும் ஒரு பருவமழையைச் சந்தித்தே தீரும். எந்த வயதில் சந்திக்க வேண்டும் என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

உதகைப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை வலுவாக இருக்கும். குன்னூரிலும் கோத்தகிரியிலும் அக்டோபர், நவம்பரில் வரும் வடகிழக்கு மழையே பெரிது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளமான இடங்களில் உறைபனி விழும். இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தால், ஜனவரியின் பிற்பாதியில் நாற்று விட்டு, ஏப்ரல் நடுவிலிருந்து மே முதல் வாரத்துக்குள் கோடை மழையின் ஈரத்தில் நட்டு, செப்டம்பரில் எடுக்கத் தொடங்குவதே வீட்டுத் தோட்டத்துக்குப் பொருத்தமான கணக்கு. தென்மேற்கு மழை வரும்போது செடி வேர் பிடித்திருக்கும். வடகிழக்கு மழை வலுக்கும்போது பாத்தி ஏறக்குறையக் காலியாகியிருக்கும்.

ஜூன், ஜூலையில் நாற்று விட்டால் என்ன என்று பலரும் கேட்கிறார்கள். வளரும், ஆனால் ஆபத்து வேறு வகையில் வருகிறது. லீக்ஸ் ஈராண்டுப் பயிர். பென்சில் பருமனைத் தாண்டிய செடி வாரக்கணக்கில் 10 டிகிரி செல்சியசுக்குக் கீழான குளிரில் நின்றால், அதைக் குளிர்காலம் என்று கணக்கில் எடுத்துக்கொண்டு, வெயில் திரும்பியதும் பூத்தண்டு விடும். பூத்தண்டு எழுந்த செடியின் நடுவில் கட்டை போன்ற ஒரு தண்டு ஓடும்; அதைச் சமைக்க முடியாது. ஜூன், ஜூலை நாற்று டிசம்பர், ஜனவரியில் சரியாக அந்தப் பருமனில் இருக்கும். வேறு வழியில்லாமல் அந்தப் பருவத்தில் விதைத்தவர்கள், ஜனவரி முடிவதற்குள் சிறுத்த செடியானாலும் எடுத்துவிடுவது நல்லது.

கொடைக்கானலிலும் ஜனவரி விதைப்பே பொருந்தும். அங்கே வடகிழக்கு மழை கனத்து வருவதால் செப்டம்பர் தொடக்கத்திலேயே எடுக்கத் தொடங்கி, அக்டோபர் முதல் வாரத்தோடு அறுவடையை முடிக்கத் திட்டமிட வேண்டும். கூடலூர் போன்ற தாழ்வான, சூடான இடங்களுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. லீக்ஸ் நன்றாகத் தடிப்பது 13 முதல் 24 டிகிரி வரையிலான குளிர்ந்த சூழலில்தான்.

2. விதைக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

புதிய விதை முதல் தேவை. வெங்காய விதையைப் போலவே லீக்ஸ் விதையும் விரைவில் முளைப்புத்திறனை இழக்கும். இரண்டு ஆண்டுக்கு மேல் பழையதை நம்ப முடியாது. மலைக்காற்றின் ஈரத்தில் திறந்து கிடந்த பாக்கெட் அதற்கும் முன்பே வீணாகிவிடும். கடையில் பாக்கெட்டைத் திருப்பி, அடைத்த தேதியைப் பார்த்து வாங்குங்கள். மீதியை மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வைக்கலாம்.

3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலமுள்ள ஒரு பாத்தியில் மூன்று வரிசையாக 60 செடி நடலாம். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு இது போதும். அதற்கு 100 விதை விட்டால் நல்ல நாற்றைப் பொறுக்கி எடுக்க இடம் இருக்கும். ஒரு கிராமில் 300-க்கும் மேற்பட்ட விதைகள் இருப்பதால், பெரிய பாக்கெட் வாங்கத் தேவையில்லை.

இவற்றோடு விவசாயச் சுண்ணாம்பு அல்லது டோலமைட், நன்கு மக்கிய தொழு உரம், 15 செ.மீ. ஆழமாவது உள்ள ஒரு மரப்பெட்டி அல்லது தொட்டி, பழைய மண்வெட்டிக் காம்பு, பூவாளி ஆகியவற்றைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். காம்பின் நுனியைக் கூராக்காமல் மழுங்கலாகவே விட்டு, நுனியிலிருந்து 15 செ.மீ. அளந்து கத்தியால் ஒரு வெட்டுக்குறி போடுங்கள். நடவு நாளில் ஒவ்வொரு குழியையும் அளந்துகொண்டிருக்க வேண்டாம்.

3. பாத்தியை நாற்று விடும் வாரத்திலேயே தொடங்குங்கள்

புதியவர்கள் நடவுக்கு முந்தைய வாரம்தான் பாத்தியைக் கொத்துகிறார்கள். நம் மலை மண் அமிலத்தன்மை மிகுந்தது. மழை பல காலமாகக் கால்சியத்தை அரித்துக்கொண்டு போன மண். லீக்ஸுக்கு பி.எச். அளவு 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்க வேண்டும். சுண்ணாம்பு இட்ட மறுநாளே மண் மாறிவிடாது, அதற்கு ஈரமும் மாதக்கணக்கில் அவகாசமும் தேவை. அதனால் சுண்ணாம்பு ஜனவரியில், தொழு உரம் மார்ச்சில் என்று பிரித்து வையுங்கள். இரண்டையும் ஒரே நாளில் கலந்தால் உரத்தில் உள்ள தழைச்சத்தின் ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் போய்விடும்.

மண் பரிசோதனை செய்து, அந்த அட்டையில் உள்ள அளவைப் பின்பற்றுவதே சரி. இதுவரை சுண்ணாம்பே காணாத மண்ணாக இருந்து, பி.எச். 5-ஐ ஒட்டி இருந்தால், சதுர மீட்டருக்கு 200 முதல் 300 கிராம் வரை தூவி, மேல் 15 செ.மீ. மண்ணோடு கொத்திக் கலந்து, தண்ணீர் தெளித்து விடலாம். ஆண்டுதோறும் இதே அளவைப் போட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

கொத்தும்போது கிக்கூயு புல்லின் கொடிவேரை ஒரு துண்டுகூட விடாமல் பொறுக்குங்கள். மண்வெட்டியால் நறுக்கினால் ஒவ்வொரு துண்டும் ஒரு புல்லாகும்; தோட்டத்து முள்கரண்டியால் மண்ணை உயர்த்தி, வெள்ளைக் கொடியை முழு நீளத்துக்கு உருவி எடுக்க வேண்டும். லீக்ஸின் இலை ஒடுங்கியது, நிழல் தந்து களையை அடக்காது. நடவுக்குப் பின் கிக்கூயு முளைத்தால், அதைப் பிடுங்கும்போது லீக்ஸின் வேரும் சேர்ந்து வரும்.

மார்ச்சில் சதுர மீட்டருக்கு 4 முதல் 5 கிலோ மக்கிய தொழு உரமும் இரண்டு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கும் கலந்து, பாத்தியை ஒரு சாண் உயரத்துக்கு மேட்டுப்பாத்தியாக்குங்கள். சரிவில் உள்ள தோட்டமானால் பாத்தி சரிவுக்குக் குறுக்காக அமைய வேண்டும், மேல்பக்கம் ஒரு வடிகால் வெட்ட வேண்டும். ஜூன் மழையில் நீர் தேங்கும் பாத்தியில் லீக்ஸ் வேர் அழுகும்.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, கடைசி மூன்று ஆண்டுகளில் பூண்டோ வெங்காயமோ போட்ட பாத்தியை ஒதுக்குங்கள். அவற்றின் மண்வழி நோய்கள் பல லீக்ஸுக்கும் வரும். உருளைக்கிழங்கு எடுத்த பாத்தி மிகவும் பொருத்தம்: 1961-இல் நீலகிரியில் கண்டறியப்பட்டு இன்றும் மலை மண்ணை விட்டுப் போகாத உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு, லீக்ஸைத் தாக்காது; ஒரு பருவம் அதற்கு உணவில்லாமல் போவது மண்ணுக்கும் நல்லது. கற்பூர மரத்தின் (யூக்கலிப்டஸ்) அடியிலோ அதன் வேர் எட்டும் தூரத்திலோ பாத்தி வேண்டாம். ஈரத்தை எல்லாம் மரமே உறிஞ்சிவிடும்.

4. நாற்று விடுதல்

தோட்ட மண், தென்னை நார்க்கழிவு, சலித்த மக்கு உரம் மூன்றையும் சம பங்காகக் கலந்து பெட்டியை நிரப்புங்கள். கடைகளில் விற்கும் குழித்தட்டு கோஸுக்கும் காலிஃபிளவருக்கும் போதும். மூன்று மாதம் நிற்க வேண்டிய லீக்ஸுக்கு அதன் குழி ஆழம் போதாது. வேர் சுருண்டு, நாற்று குட்டையாகவே நின்றுவிடும்.

1 செ.மீ. ஆழத்தில், விதைக்கு விதை 2 முதல் 3 செ.மீ. இடைவெளி விட்டு விதையுங்கள். நெருக்கமாகத் தூவினால் நூல் போன்ற நாற்றுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, பிரிக்கும்போது அறுந்துபோகும். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சை கிடைத்தால் கலவையில் சிறிது சேர்ப்பது நாற்றழுகலைக் குறைக்கும்.

ஜனவரிக் குளிரில் முளைக்க 12 முதல் 20 நாள் ஆகும். இங்கேதான் பலர் பொறுமை இழந்து, விதை செத்துவிட்டது என்று கிளறிப் பார்க்கிறார்கள், அல்லது தண்ணீரை அதிகமாக ஊற்றி அழுக விடுகிறார்கள். பெட்டியை இரவில் வீட்டுக்குள்ளோ தாழ்வாரத்திலோ வைத்து, பகலில் வெயிலுக்கு எடுத்து வாருங்கள். தூக்க முடியாத பெட்டியானால் மாலையில் சாக்கு போட்டு மூடி, காலையில் பனி விலகியதும் எடுத்துவிடுங்கள்.

முளை நேராக எழாது. முதலில் ஒரு பச்சைக் கொக்கி மண்ணைத் தள்ளிக்கொண்டு வரும். அதன் ஒரு கால் வேரில் இருக்கும், மறுகால் இன்னும் விதைக்குள் இருக்கும். சில நாள் கழித்துக் கொக்கி நிமிரும்போது, கறுப்பு விதைத்தோல் நுனியில் தொப்பியாக ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் கையால் உருவ வேண்டாம். இலை நுனி அந்தத் தோலுக்குள்தான் இருக்கிறது, இழுத்தால் நாற்றே வேரோடு வந்துவிடும்.

5. மூன்று மாதக் காத்திருப்பு

நாற்றங்காலில் செய்ய வேண்டியது குறைவு. மேல்மண் காய்ந்தபின் காலையில் தண்ணீர், ஆறாவது வாரத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை நீர்த்த மண்புழு உரக் கரைசல், களை கண்டால் உடனே கிள்ளுதல். அவ்வளவுதான்.

நாற்று சாய்ந்தால் நுனியை வெட்டிவிடும் வழக்கம் பலரிடம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இலைதான் தண்டுக்கு உணவு தருகிறது. வெட்டாமல் விட்ட நாற்றுகள் நடவுக்குப் பின் முன்னே போவதையே பார்த்து வருகிறேன். பெட்டியை வெயிலுள்ள பக்கம் நகர்த்தினால் சாய்வது தானாகக் குறையும். நடவுக்கு முந்தைய ஒரு வாரம் இரவும் வெளியிலேயே இருக்கட்டும், தண்ணீரையும் சற்றுக் குறையுங்கள்.

6. நடவு

நாற்று பென்சில் பருமனும் 20 முதல் 25 செ.மீ. உயரமும் ஆனபின்தான் நட வேண்டும். தேதி வந்துவிட்டது என்பதற்காக ஈர்க்குச்சி போன்ற நாற்றை நட்டால், ஆழக் குழியில் அது மூழ்கும். ஆழம் குறைத்து நட்டால் வெள்ளைத் தண்டு கிடைக்காது. இரண்டு வாரம் பொறுப்பதே மேல்.

முந்திய மாலை நாற்றுப் பெட்டிக்கும் பாத்திக்கும் நன்றாகத் தண்ணீர் விடுங்கள். மறுநாள் மேகமூட்டமான பிற்பகலில், நாற்றுகளை மண்ணோடு மொத்தமாகப் பெயர்த்து, ஒரு வாளித் தண்ணீரில் மெல்ல அலசினால் வேர் அறாமல் பிரியும். வேர் மிக நீளமாக இருந்தால் 4 செ.மீ. அளவுக்கு நறுக்கலாம். அழகுக்காக இதைச் செய்வதில்லை. நீண்ட வேர் குழியின் வாயில் மாட்டிக்கொண்டு, நுனி மேல்நோக்கி மடங்கிவிடும் என்பதற்காகவே.

வரிசைக்கு வரிசை 30 செ.மீ., செடிக்குச் செடி 15 செ.மீ. கயிறு கட்டி, மண்வெட்டிக் காம்பை வெட்டுக்குறி வரை செங்குத்தாக இறக்கி, ஒரு சுற்று சுற்றி எடுத்தால் 15 செ.மீ. ஆழமும் இரண்டு விரல் நுழையும் அகலமும் உள்ள குழி கிடைக்கும். ஒரு நாற்றைக் குழியில் இறக்கி, வேர் அடியைத் தொடுகிறதா என்று பார்த்து, பின் தண்ணீர் விடுங்கள். பூவாளியின் சல்லடை முகத்தைக் கழற்றிவிட்டு, குழி விளிம்பு வரை மெல்ல ஊற்ற வேண்டும். தண்ணீர் இழுத்து வரும் சிறிதளவு மண்ணே வேரை மூடப் போதும்.

குழியை மண் போட்டு மூடக் கூடாது. இந்தப் படியில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். வாழ்நாள் முழுவதும் நாற்று நட்டு, மண்ணை அமுக்கி மிதித்துப் பழகிய கைக்குத் திறந்த குழியை விட்டுவிட்டு நகர மனம் வராது. நட்டு முடித்த பாத்தி, இருண்ட துளைகளும் ஒவ்வொன்றிலும் எட்டிப் பார்க்கும் இரண்டு பச்சை நுனிகளுமாகப் பாதி வேலையாகவே தெரியும். உதவிக்கு வந்தவர்கள் நல்ல எண்ணத்தில் எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள். மூடினால் இரண்டு கேடு. புதிய இலை வெளிவரும் நடுக்குருத்து மண்ணில் புதைந்து அழுகும், தண்டு பருக்க இடமும் இருக்காது. வரும் வாரங்களில் மழையும் களைக்கொத்தும் குழியைக் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பும். செடியும் அதே வேகத்தில் உயரும். பாத்தி ஓரத்தில் ஒரு குச்சி நட்டு, குழியை மூட வேண்டாம் என்று வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்.

களிமண் பாத்தியில் காம்பு இறங்கிய சுவர் வழவழவென்று இறுகி, வேர் பக்கவாட்டில் போக முடியாமல் தடுக்கும். அத்தகைய மண்ணில் காம்பைச் சற்று ஆட்டி, சுவரை உதிர்த்துவிட்டு நடுங்கள். நடவு தாமதித்து ஜூன் மழை தொடங்கிவிட்டால், குழி முறையைக் கைவிட வேண்டும். ஒரே இரவு மழையில் சேறு இறங்கிக் குருத்தோடு மூடிவிடும். அப்போது பாத்தியின் குறுக்கே 10 செ.மீ. ஆழத்துக்கு வாய்விரிந்த சால் எடுத்து, இரு முனைகளையும் வடிகாலோடு சேர்த்து, சாலின் அடியில் சாதாரணமாக நட்டு, செடி வளர வளர மண்ணைச் சரித்துவிடலாம்.

7. தண்ணீரும் மேலுரமும்

கோடை மழை தவறும் வாரங்களில் மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விடுங்கள். வேர் மேலோட்டமானது, ஒருமுறை வாடினால் வளர்ச்சி நின்று, தண்டு நாராகும். மாலையில் இலை நனைய ஊற்ற வேண்டாம். மூடுபனி இரவு முழுவதும் இலையை ஈரமாக வைத்திருக்கும் ஊரில், நாமும் சேர்ந்து நனைத்தால் துரு நோய்க்கு வழி செய்வதாகிவிடும்.

நட்ட ஆறாவது வாரத்திலும் பத்தாவது வாரத்திலும் செடிக்கு ஒரு கைப்பிடி மண்புழு உரம் போதுமானது. யூரியா போட்டு வேகமாகக் கரும்பச்சையாக்க முயல்வதைத் தவிர்க்க வேண்டும். தழைச்சத்து மிஞ்சிய இலை மென்மையாகி, துரு நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும்.

8. மண் அணைத்தல்

தண்டு சுண்டுவிரல் பருமனாகி, குழியும் நிரம்பிய பிறகே மண் அணைக்கத் தொடங்க வேண்டும். நட்டு எட்டு வாரத்துக்கு முன் பெரும்பாலும் தேவைப்படாது. முன்கூட்டியே செய்தால் இளந்தண்டு அழுகும்.

ஈரமில்லாத நாளைத் தேர்ந்தெடுத்து, ஒரு கையால் இலைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, மறுகையால் உதிரி மண்ணைத் தண்டோடு 4 முதல் 5 செ.மீ. உயரத்துக்கு அணையுங்கள். இலைகள் இரு பக்கமாகப் பிரியும் கவட்டுக்குக் கீழே மண் நிற்க வேண்டும். கவட்டுக்குள் விழுந்த மண் ஒவ்வொரு இலை மடிப்பிலும் இறங்கித் தங்கும், சமைக்கும்போது பல்லில் கடிபடும் மணல் பெரும்பாலும் இப்படி வந்ததுதான். மூன்று வார இடைவெளியில் இரண்டு அல்லது மூன்று முறை செய்தால், குழி ஆழத்தோடு சேர்த்து 20 செ.மீ. வெள்ளைத் தண்டு எதிர்பார்க்கலாம்.

ஜூலை மழை அணைத்த மண்ணைக் கரைத்துக்கொண்டே இருந்தால், மண்ணின் மேல் காய்ந்த புல்லைத் தண்டைச் சுற்றிப் பரப்புங்கள். நத்தைகள் அதில் ஒளியும். வாரம் ஒருமுறை விலக்கிப் பொறுக்கிவிட வேண்டும்.

9. கவனிக்க வேண்டிய கேடுகள்

நட்ட சில நாளில் ஒரு செடி தரைமட்டத்தில் கத்தரித்ததுபோல விழுந்து கிடந்தால், அது வெட்டுப்புழு. அன்று காலையே செடியைச் சுற்றி விரலால் மண்ணைக் கிளறினால், சுருண்டு கிடக்கும் மண்நிறப் புழு அகப்படும். எடுக்காமல் விட்டால் அடுத்த இரவு அடுத்த செடிக்குப் போகும்.

வறண்ட ஏப்ரல், மே மாதங்களில் இலையில் வெள்ளிக் கோடுகள் தெரிந்தால் இலைப்பேன். லிட்டருக்கு 30 மி.லி. வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு கலந்து, குருத்தின் மடிப்புக்குள் படும்படி மாலையில் தெளியுங்கள். சோப்பு இல்லாவிட்டால் மெழுகுப் பூச்சுள்ள இலையில் மருந்து நிற்காமல் உருண்டு விழும்.

ஆரஞ்சுத் தூள் போன்ற கொப்புளங்கள் துரு நோய். ஊதா நிறத்தில் நீள்வட்டப் புண்கள் ஊதாக் கருகல். பாதித்த வெளி இலைகளைக் காய்ந்த நாளில் அகற்றி, தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் அழியுங்கள், மக்குக் குழியில் போட வேண்டாம். வெளி இலையில் துரு இருந்தாலும் உள்ளே தண்டு நன்றாகவே இருக்கும். பதறிப் பாத்தியைப் பிடுங்கத் தேவையில்லை.

காட்டெருமை மேயாவிட்டாலும் மிதித்துவிட்டுப் போகும். மேட்டுப்பாத்தியின் மண்புழுவுக்காகக் காட்டுப்பன்றி கிளறும். வேலி இல்லாத இடத்தில் இந்த எட்டு மாத உழைப்பைத் தொடங்க வேண்டாம்.

10. அறுவடையும் அதன் பின்பும்

தண்டு 2.5 முதல் 3 செ.மீ. பருமனானதும் எடுக்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுக்க வேண்டியதில்லை. பெரியதை முதலில் எடுத்தால் பக்கத்துச் செடிக்கு இடம் கிடைக்கும். தலையைப் பிடித்து இழுத்தால் தண்டு நடுவில் முறியும். முள்கரண்டியை ஒரு சாண் தள்ளிச் செருகி, அடியிலிருந்து மண்ணை உயர்த்தித் தளர்த்தியபின் தூக்குங்கள்.

சமையலறைக்குப் போகும்முன் வேரையும் முரட்டு இலை நுனியையும் தோட்டத்திலேயே நறுக்குங்கள். கழுவும்போது தண்டை நீளவாக்கில் பிளந்து, இலைகளை விரித்து, நுனி கீழ்நோக்கியிருக்க ஓடும் நீரில் காட்டினால் மடிப்பு மண் இறங்கிவிடும். வட்டமாக நறுக்கிவிட்டுக் கழுவுவது பயன் தராது.

நவம்பர் தாண்டியும் பாத்தியில் நிற்கும் செடிகளை உறைபனி கொல்லாது. ஆனால் பிப்ரவரியில் நடுவிலிருந்து உருண்டையான, உறுதியான ஒரு தண்டு எழுகிறதா என்று வாரந்தோறும் தடவிப் பாருங்கள். எழத் தொடங்கிய அன்றே எடுத்து, பிளந்து, நடுக்கட்டையை நீக்கிவிட்டால் சுற்றியுள்ள இலை சூப்புக்கு ஆகும். காலியான பாத்தியில் அடுத்ததாக பீன்ஸோ பட்டாணியோ போடலாம். பூண்டு நட நினைப்பவர்கள் வேறு பாத்தியைப் பார்க்க வேண்டும்.